கடலை என்று மட்டும் எழுதினால் போதாது: பொடி, பலகாரத் தொழிலில் ஒவ்வாமைப் பொருள்களைக் கையாளும் முறை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊர் மாவு மில்லுக்குப் போனாலும் மிளகாய்க்குத் தனி மிஷின் இருக்கும். அரிசி மிஷினில் மிளகாயை யாரும் கொட்டுவதில்லை. எவ்வளவு தட்டித் துடைத்தாலும் அடுத்து வரும் மாவில் காரம் ஏறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேர்க்கடலை, கோதுமை, முந்திரி ஆகியவையும் இதே மாதிரிதான் மிஷினில் தங்குகின்றன. நாக்குக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒவ்வாமை உள்ளவரின் உடம்புக்குத் தெரிந்துவிடும்: தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல், சிலருக்கு உயிருக்கே ஆபத்து.

"வறுத்துப் பொரித்த பிறகு என்ன இருக்கப்போகிறது?" என்ற நினைப்பை முதலில் விட்டுவிட வேண்டும். சூட்டில் கிருமி சாகும். ஒவ்வாமையைத் தூண்டுவது புரதம். வேர்க்கடலையின் முக்கியமான ஒவ்வாமைப் புரதங்கள் வறுத்தாலும் அழிவதில்லை. வறுபட்டால் சிலவற்றின் வீரியம் கூடவும் செய்கிறது. இறாலின் புரதம் கொதிக்கிற குழம்பையும் தாங்கும். ஆகவே தயாரிப்பாளர் கையில் இருப்பவை மூன்றே வழிகள்: கலக்காமல் பிரித்து வைப்பது, கலந்ததைச் சுத்தம் செய்து நீக்குவது, இருப்பதை லேபிளில் சொல்வது. ஐந்து பேர் முதல் முப்பது பேர் வரை வேலை செய்யும் பொடி, காரவகை, இனிப்பு, வற்றல், கருவாடு யூனிட்டுகளில் இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

மூட்டையின் பெயரிலிருந்து தொடங்குங்கள்

நம் ஊர்க் கிடங்கில் இருக்கும் பெரிய ஆபத்து "கடலை" என்ற சொல்தான். கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலை மாவு எல்லாம் ஒரு செடியின் விளைச்சல். கடலை மிட்டாய், கடலை எண்ணெய், வறுகடலை என்றால் அது வேர்க்கடலை. மண்டிச் சீட்டில் "கடலை 2 மூட்டை" என்று இருக்கும். டிரம்மின் மேல் சாக்பீஸில் "கடலை மாவு" என்று எழுதியிருக்கும். அரைத்து வைத்த வேர்க்கடலைப் பொடியையும் புதிதாக வந்த ஆள் அதே பெயரில்தான் எழுதுவார். "பருப்பு" என்பதும் அப்படியே: துவரம்பருப்பும் பருப்பு, முந்திரிப்பருப்பும் பருப்பு.

இதற்கு ஒரு விதி போதும். யூனிட்டுக்குள் "கடலை", "பருப்பு", "மாவு", "எண்ணெய்" ஆகிய சொற்கள் எங்கும் தனியாக வரக்கூடாது. வேர்க்கடலை என்றே எழுதுங்கள். நிலக்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்று ஊருக்கு ஊர் மாறும் மற்றப் பெயர்களை விட்டுவிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்களும் இப்போது வேலை செய்கிறார்கள். அதனால் ஒவ்வொரு டிரம்மிலும் பெயரோடு பொருளின் படத்தையும் ஒட்டி, மூடிக்கு நிறமும் கொடுங்கள். வேர்க்கடலைக்குச் சிவப்பு, கோதுமைக்கு மஞ்சள், முந்திரி, பாதாமுக்குப் பச்சை, மீன், இறாலுக்கு நீலம் என்பது போல. எந்த நிறம் எதற்கு என்பது உங்கள் விருப்பம். அளவுக் கரண்டி, சல்லடை, தூரிகை, துடைக்கும் துணி எல்லாம் அந்த நிறத்திலேயே இருக்க வேண்டும். மூடிக்கு மட்டும் நிறம் கொடுத்துப் பயனில்லை.

வேர்க்கடலை மூட்டையை அடுக்கின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே இருக்கும் சாக்கு கிழிந்தால் கீழே உள்ளவற்றின் மேல்தான் கொட்டும்.

சட்டம் எதைச் சொல்லச் சொல்கிறது

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் இவற்றை அறிவிக்கச் சொல்கின்றன: கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் போன்ற, குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், இறால், நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட் (கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கச் சேர்க்கும் ரசாயனம்). வேண்டுமென்றே சேர்த்திருந்தால் "கன்டெய்ன்ஸ்" (உள்ளது) என்று தொடங்கும் வரி. தற்செயலாகக் கலக்க வாய்ப்பிருந்தால் "மே கன்டெய்ன்" (கலந்திருக்கலாம்) என்ற வரி. சட்டப்படியான விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். கூடவே தமிழிலும் போடலாம். நம் ஊர்க் கடையில் விற்கிற பாக்கெட்டில் தமிழ் வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. பேரனுக்குத் தின்பண்டம் வாங்கும் பாட்டி படிப்பது அந்த வரியைத்தான்.

எள்ளும் கடுகும் இந்தியப் பட்டியலில் இல்லை. இட்லிப் பொடியிலும் எள்ளுருண்டையிலும் எள், ஊறுகாயிலும் தாளிப்பு வடகத்திலும் கடுகு என்று டெல்டாச் சமையல் இவ்விரண்டும் இல்லாமல் நடக்காது. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இதுதான் கண்ணி. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பதினான்கு பொருள் பட்டியலில் எள்ளும் உண்டு, கடுகும் உண்டு. அங்கே அனுப்பும் பொடி, ஊறுகாய்க்கு உள்ளூர் லேபிளை அப்படியே ஒட்டினால் சரக்கு திரும்பிவரும். துறைமுகத்தில் யாரும் பார்க்காமல் போனால் அதைவிட மோசம்.

மறைந்திருப்பவற்றைத் தேடும் பட்டியல்

ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் ஒரு தாள் போடுங்கள். வாங்கிய கடை, பிராண்டு, அதன் லேபிளில் உள்ள சேர்மானம், அதிலுள்ள ஒவ்வாமைப் பொருள், விற்றவர் தந்த எழுத்துமூல உறுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் கண்ணுக்குத் தப்புபவை இவை.

முதலாவது கூட்டுப் பெருங்காயம். கடையில் கிடைக்கும் பெருங்காயத்தில் பெரும்பாலானவை பிசினோடு மைதா அல்லது வேறு மாவு சேர்த்தவை. ஒரு கிலோ சாம்பார் பொடியில் இருபது கிராம் போட்டாலும் கோதுமை உள்ளே வந்துவிட்டது. லேபிளில் கோதுமை வர வேண்டும். அரிசி மாவில் செய்த பெருங்காயமும் கிடைக்கிறது. ஆனால் அதைத் தேடி வாங்கத் தொடங்கினால் பிறகு பிராண்டை மாற்றக்கூடாது.

மோர் மிளகாய் வற்றல் பால் பொருள். "வெறும் மிளகாய், உப்பு" என்று லேபிள் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். மோரில் ஊறிக் காய்ந்த மிளகாயில் பால் புரதம் அப்படியே இருக்கும். திருவையாற்று அசோகா பாசிப்பருப்பு இனிப்பு என்றே பெயர் வாங்கியது. அதில் கோதுமை மாவும் நெய்யும் உண்டு, மேலே முந்திரியும் விழும். தட்டையில் ஊற வைத்த கடலைப்பருப்பு போடுவார்கள், அல்லது உடைத்த வேர்க்கடலை. விலையைப் பொறுத்து மாறும். எது மலிவோ அதைப் போடும் பழக்கம் வீட்டில் இருக்கலாம். பாக்கெட் போடுகிற இடத்தில் அது லேபிளைப் பொய்யாக்கிவிடும்.

பொன்னிற உலர்திராட்சையில் சல்ஃபைட் இருக்கும். வெல்லத்தை வெளுக்க "ஹைட்ரோஸ்" போட்டிருந்தால் அதிலும் இருக்கும். மஞ்சள் பளபளப்பான வெல்லத்தைவிடக் கறுத்த வெல்லத்தை வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கறுக்காமல் இருக்க மெட்டாபைசல்ஃபைட் என்ற சல்ஃபைட் உப்புக் கரைசலில் முக்கிய இறாலில் சல்ஃபைட், இறால் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினம் பக்கத்துச் சென்னாக்கூனியும் இறால் இனம்தான். அதைக் கருவாட்டுப் பொடியில் சேர்த்துவிட்டு "மீன்" என்று மட்டும் எழுதினால் போதாது. கருவாடு, சென்னாக்கூனி வேலையை இட்லிப் பொடி அரைக்கும் கூடத்துக்குள் கொண்டுவராதீர்கள். வேறு கட்டடம், வேறு ஆள், வேறு துடைப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செக்கு எண்ணெயைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வாமைப் பொருளிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு அறிவிப்பு தேவையில்லை என்று இந்திய விதி விலக்கு அளிக்கிறது. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டி வெயிலில் தெளியவைத்த வேர்க்கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும். அடியில் படியும் மண்டியில் நிறையவே இருக்கும். ஆகவே, சட்டம் கேட்காவிட்டாலும் "செக்கு வேர்க்கடலை எண்ணெய்" என்று முழுப் பெயரைச் சேர்மானத்தில் எழுதி, அறிவிப்பு வரியிலும் வேர்க்கடலை என்று போடுங்கள்.

பொடித்த மசாலாவை வெளியே வாங்குவதைக் குறையுங்கள். 2014 இறுதியிலும் 2015-லும் அமெரிக்காவில் சீரகப் பொடியில் வேர்க்கடலைப் புரதம் இருந்தது தெரிந்து, அதைச் சேர்த்துச் செய்த ஏராளமான பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. முழுச் சீரகம் வாங்கி நீங்களே அரைத்தால் அந்தக் கவலை பெருமளவு குறையும். அரிசியைத் தெரு மில்லில் கொடுத்து அரைத்து வந்தால் முன்னால் அரைத்தவரின் கோதுமை உங்கள் முறுக்கில் இருக்கும். சொந்த மிஷின் இல்லையென்றால் அரிசி மட்டும் அரைக்கும் மில்லைத் தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் லேபிளில் கோதுமையைச் சொல்லுங்கள்.

ஒரு சாக்குப் பையில் எவ்வளவு ஆபத்து: கணக்கு

ஒரே பல்வரைசரில் (சுத்திகள் சுழன்று பொடியாக்கும் மிஷின்) சத்துமாவு அரைத்துவிட்டு, தட்டிவிட்டு, 25 கிலோ இட்லிப் பொடி அரைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிஷினின் அரைக்கும் அறை மூலையிலும் தூசுப் பையிலும் 200 கிராம் சத்துமாவு தங்கியிருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு வேர்க்கடலை என்றால் 20 கிராம். வேர்க்கடலையில் சுமார் கால் பங்கு புரதம். ஆக 5 கிராம். இந்த 5 கிராம் 25 கிலோவில் சமமாகப் பரவினால் கிலோவுக்கு 200 மில்லிகிராம். இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம் இட்லிப் பொடி சாப்பிடுகிறவருக்கு 2 மில்லிகிராம் வேர்க்கடலைப் புரதம் போய்ச்சேரும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு வேர்க்கடலைக்குப் பரிந்துரைத்த வரம்பளவும் அதே 2 மில்லிகிராம்தான்.

ஆனால் மிச்சம் சமமாகப் பரவுவதில்லை. முதலில் விழும் இரண்டரைக் கிலோவிலேயே பெரும்பங்கு வந்துவிடும். அந்தப் பாக்கெட்டுகளில் அளவு பத்து மடங்கு வரை போகலாம். நடுவில் எடுத்த ஒரு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி "இல்லை" என்று பதில் வந்தால் நிம்மதி அடைந்துவிடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். முதலில் வந்ததைச் சோதியுங்கள்.

"குளூட்டன் இல்லாதது" என்று சிறுதானிய மாவு விற்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு. வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன். கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று கொண்டால், ஒரு கிலோ கம்பு மாவில் 0.2 கிராம் கோதுமை மாவு விழுந்தாலே வரம்பு முடிந்துவிட்டது. அது விரல் நுனியில் ஒரு சிட்டிகை. கோதுமை இருக்கும் அதே கூடத்தில் அந்த வாசகத்தைப் போடத் துணியாதீர்கள்.

எதை எப்போது அரைப்பது

ஒவ்வாமைப் பொருள் இல்லாததை முதலில், அதிகம் உள்ளதைக் கடைசியில் ஓட்டுவது அடிப்படை. பொடி யூனிட்டில் காலையில் மல்லி, மிளகாய், பிறகு பெருங்காயம் சேர்ந்த சாம்பார், ரசப் பொடி, அடுத்து எள் சேர்ந்த இட்லிப் பொடி, வேலை முடியும் முன் வேர்க்கடலைப் பொடி, அதற்குப் பின் முழுச் சுத்தம்.

சத்துமாவு இந்த வரிசையில் பொருந்தாது. கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், சோயா, பார்லி எல்லாம் அதில் இருப்பதால் கடைசியில்தான் வர வேண்டும்; ஆனால் மிளகாய் ஓடிய மிஷினில் அரைத்தால் காரம் ஏறும், அதைக் கைக்குழந்தைக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். இரண்டாவது மிஷின் ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் அதைச் சத்துமாவுக்கு வாங்குங்கள். வேர்க்கடலைப் பொடியையும் அதற்கே மாற்றிவிடுங்கள். அப்போது மசாலா மிஷின் வேர்க்கடலை, முந்திரி இல்லாததாகிவிடும், தினமும் முழுச் சுத்தம் செய்யும் சுமையும் குறையும். இந்த ஒரு முடிவு மற்ற எந்தச் செலவையும்விடப் பலன் தரும்.

பல்வரைசரைச் சுத்தம் செய்யும் முறை

பொடி மிஷினில் தண்ணீர் விடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உள்ளே ஈரம் காயாமல் பூஞ்சை பிடிக்கும். தீபாவளி வேலையும் அந்த நாள்களில்தான் உச்சத்தில் இருக்கும். உலர் முறை இதுதான்:

1. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் சுத்தம் செய்கிறவர் தன் இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய மற்ற டிரம்களைக் கூடத்துக்கு வெளியே நகர்த்துங்கள். மிதக்கும் தூசு அடங்க இருபது நிமிடமாவது விடுங்கள்.

2. மேலிருந்து கீழே வாருங்கள். ஹாப்பர், அதன் தள்ளுகதவின் பள்ளம், காந்தம், அரைக்கும் அறை, கீழே மாவு இறங்கும் கித்தான் குழாய் என்ற வரிசையில்.

3. சல்லடையையும் சுத்திகளையும் கழற்றுங்கள். கழற்றாமல் சுத்தம் செய்தால் சல்லடை விளிம்புக்குப் பின்னால் அரை விரல் கனத்துக்கு மாவு இறுகிக் கிடக்கும். மழைக்காலத்தில் அது கல்லாகவே இருக்கும். மரச் சுரண்டியோ பிளாஸ்டிக் சுரண்டியோ போட்டு எடுங்கள்.

4. மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். கம்ப்ரசர் காற்று வேண்டவே வேண்டாம். மிஷின் பளிச்சென்று ஆகும். வேர்க்கடலைத் தூசு விட்டத்திலும் ஃபேன் இறக்கையிலும் போய் உட்கார்ந்து, அடுத்த நாள் உங்கள் மல்லித்தூளில் இறங்கும்.

5. உலோகப் பரப்பை 70 சதவீத ஆல்கஹால் நனைத்த, தூக்கியெறியும் துணியால் துடையுங்கள். ஒரு துணி, ஒரு பகுதி. கதவின் ரப்பர் விளிம்பை மறக்காதீர்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அடுப்பு எரியக்கூடாது.

6. தூசுப் பையை மாற்றுங்கள். துவைத்தாலும் நெசவுக்குள் புரதம் தங்கும். ஒவ்வொரு வகைக்கும் தனிப் பை, நிற நூலால் அடையாளம் தைத்து, தனித்தனி மூடிய டப்பாவில்.

7. எல்லாவற்றையும் பூட்டிய பின் 5 கிலோ அரிசியை ஓட்டுங்கள். அந்த மாவைக் கழிவாகத் தள்ளுங்கள். இல்லையென்றால் தேதி எழுதி மூடி வைத்து, முன்பு ஓடிய அதே பொருளின் அடுத்த அரைப்பில் மட்டும் சேருங்கள். உங்கள் மிஷினுக்கு 5 கிலோ போதுமா என்பதைச் சோதனைதான் சொல்லும்.

இனிப்பு, மாவாட்டும் பாத்திரங்களுக்கு ஈர முறை. இங்கே எல்லோரும் செய்யும் தவறு, எடுத்தவுடன் கொதிநீரை ஊற்றுவது. பால் அடிப்பிடிப்பது போலப் புரதம் வெந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் சுரண்டுங்கள், பிறகு 40 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பான நீர், அதற்குப் பிறகுதான் காரச் சோப்பும் சூடான நீரும் தேய்ப்பும். காஸ்டிக் சோடா என்றால் 1 முதல் 1.5 சதவீதக் கரைசல் போதும். கையுறை, கண்ணாடி அவசியம். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும், அதற்குக் காஸ்டிக் போடாதீர்கள். கடைசியில் குளோரின் ஊற்றுவது கிருமிக்கு. ஒவ்வாமைப் புரதத்தை அது நீக்காது.

சுத்தமானதா என்பதை முதலில் டார்ச் வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாவு இருந்தால் ஒவ்வாமைப் புரதத்தைக் காட்டும் சோதனை கிட் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம். அடுத்து, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பரப்பில் பஞ்சுக்குச்சி தேய்த்து, அந்தக் குறிப்பிட்ட பொருளுக்கான கிட்டில் சோதியுங்கள்: வேர்க்கடலைக்கு வேர்க்கடலை கிட், கோதுமைக்குக் குளூட்டன் கிட். பரப்பில் உயிர்ப்பொருள் மிச்சத்தை அளக்கும் ஏ.டி.பி. கருவி பொதுச் சுத்தத்தை மட்டும் காட்டும். மாவை அள்ளிக் கிட்டில் போடாதீர்கள். புரதம் அளவுக்கு மீறினால் சில கிட்டுகளில் கோடு மங்கி "இல்லை" என்று தவறாகக் காட்டும். தேய்க்கும் இடம் சுலபமான தட்டையான பரப்பாக இருந்தால் பயனில்லை. சல்லடை விளிம்பு, தண்டின் பின்பக்கம், தள்ளுகதவின் பள்ளம் ஆகிய மூன்றையும் எடுங்கள். தொடர்ந்து மூன்று முறை தேறினால் அந்தச் சுத்த முறையை எழுதி நிலைநிறுத்துங்கள். மிஷினிலோ பொருளிலோ மாற்றம் வந்தால் மீண்டும் மூன்று முறை. ஆய்வுக்கூட அளவீடு வேண்டுமானால் என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள கூடத்தில் கொடுங்கள். தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையிலுள்ள நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும், நீங்கள் கேட்கும் ஒவ்வாமைப் பொருளைச் சோதிக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ச் சட்டியும் உடைசல் தூளும்

மிக்சருக்கு வேர்க்கடலை பொரித்த எண்ணெயில் ஓமப்பொடி பிழிந்தால் ஓமப்பொடியும் வேர்க்கடலைப் பொருள்தான். பொரித்த எண்ணெயில் துணுக்குகளும் புரதமும் தங்கும். துணியில் வடிகட்டினாலும் முழுதாகப் போகாது. வேர்க்கடலைக்கும் முந்திரிக்கும் ஒரு சட்டியை ஒதுக்குங்கள், அதற்கென்று ஒரு ஜல்லிக்கரண்டி, ஒரு வடிதட்டு. இட வசதி இல்லாவிட்டால் முறுக்கு, சீடை, ஓமப்பொடி, காராபூந்தி எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வேர்க்கடலை. அந்த எண்ணெய் மறுநாள் மிக்சர் சட்டிக்கு மட்டும் போகலாம். இறால் வடகம் பொரித்த எண்ணெய் வேறு எதற்கும் போகக்கூடாது.

உடைந்த முறுக்கை மிக்சரில் சேர்ப்பது எல்லா இடத்திலும் உண்டு, தவறில்லை. மிக்சர் தட்டின் அடியில் சேரும் தூளைப் பக்கோடா மாவிலோ முறுக்கு மாவிலோ கலப்பது பெருந்தவறு. எதிலிருந்து வந்த தூளோ அதற்கே திரும்ப வேண்டும், தேதியும் பெயரும் எழுதிய டப்பாவில்.

பாக்கெட்

உள்ளே எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, வேர்க்கடலைத் தட்டையைச் சாதாரணத் தட்டைப் பாக்கெட்டில் போட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பொருள் மாறும்போது பேக்கிங் மேசையில் முந்தைய பாக்கெட், ஸ்டிக்கர், கார்ட்டன் ஒன்றுகூட இருக்கக்கூடாது. எண்ணி எடுத்து உள்ளே வைத்துப் பூட்டுங்கள். புதிய ரோலின் முதல் பாக்கெட்டையும் கடைசிப் பாக்கெட்டையும் வெட்டி அன்றைய பேட்ச் தாளில் (ஒரு முறை தயாரித்த சரக்கின் விவரங்களை எழுதும் தாள்) ஒட்டுங்கள். ஒட்டியவரும் சரிபார்த்தவரும் வேறு வேறு ஆளாகக் கையெழுத்திட வேண்டும்.

சிவகாசியில் அச்சடித்து வந்த பாக்கெட் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது சேர்மானத்தை மாற்றினால், மிச்சத்தைத் தீர்க்கும் ஆசை வரும். திருத்த ஸ்டிக்கர் ஒட்ட முடிந்தால் ஒட்டுங்கள், இல்லையேல் கிழித்தெறியுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே சேர்மானத்தை உறுதி செய்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. தீபாவளிக் கலவைப் பெட்டியில் உள்ளே இருக்கும் எல்லாப் பலகாரத்தின் ஒவ்வாமைப் பொருள்களும் வெளிப்பெட்டியில் வர வேண்டும். பெட்டிக்குள் லட்டின் முந்திரித் தூள் அதிரசத்தில் விழாமல் இருக்க ஒவ்வொன்றையும் தனித்தனியாக மூடுங்கள்.

"கலந்திருக்கலாம்" வரியை எல்லாப் பாக்கெட்டிலும் அச்சடித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய்க்கு எதை நம்புவது என்றே தெரியாமல் போகும், அந்த வரியையே படிக்காமல் விட்டுவிடுவார். முடிந்த அளவு பிரித்து, சுத்தம் செய்து, சோதித்த பிறகும் மிஞ்சும் வாய்ப்புக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

ஆட்கள்

கடலை மிட்டாயும் டீயும் வேலைக் கூடத்துக்கு வெளியே. உள்ளே வருமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் ஜெல் கிருமியைக் கொல்லுமே தவிர வேர்க்கடலைப் புரதத்தை நீக்காது. சத்துமாவு அரைத்தவர் அதே ஏப்ரனோடு முறுக்குப் பக்கம் போகக்கூடாது, தோளில் துண்டும் வேண்டாம். சரக்கு தீர்ந்தால் யாரையும் கேட்காமல் வேறு ஒன்றைப் போடக்கூடாது என்பதைத் தினமும் சொல்லுங்கள். பெருங்காயப் பிராண்டு மாறுவதும் மாற்றம்தான்.

புகாரோ கேள்வியோ வந்தால்

ஒவ்வொரு பேட்சிலும் 250 கிராம் மாதிரியை மூடி முத்திரையிட்டு, காலாவதித் தேதிக்குப் பிறகும் ஒரு மாதம் வைத்திருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கடையிலிருந்து உங்கள் பாக்கெட் ஒன்றை வாங்கி, அதன் பேட்ச் எண்ணைக் கொண்டு எந்தச் சரக்கு, எந்த மிஷின், முன்னால் ஓடியது என்ன, வேறு எந்தக் கடைகளுக்குப் போனது என்று ஒரு காலைப்பொழுதுக்குள் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் பேட்ச் தாளில் எந்த வரி விடுபடுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சாப்பிட்டவருக்கு மூச்சு முட்டுகிறது என்று போன் வந்தால் சேர்மானம் பேசிக்கொண்டிருக்காதீர்கள்; உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பாக்கெட்டை எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பேட்சின் விற்பனையை நிறுத்தி, கடைகளுக்குச் சொல்லி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குத் தெரிவியுங்கள்.

பெரும்பாலும் வருவது சாதாரணக் கேள்விதான்: "உங்க தட்டையில கடலை இருக்கா?" இதற்குப் பதில் சொல்ல ஒரே ஒருவரை நியமியுங்கள், கையில் சேர்மான நோட்டு இருக்க வேண்டும். "எந்தக் கடலைங்க, வேர்க்கடலையா கடலைப்பருப்பா?" என்று முதலில் அவர் கேட்கட்டும். அடுத்து பாக்கெட்டின் பேட்ச் எண்ணை வாங்கி, அந்த நாளின் தாளைப் பார்த்துச் சொல்லட்டும். தாள் கைக்கு எட்டாத நேரமாக இருந்தால், "பார்த்துட்டுக் கூப்பிடுறேங்க, அதுவரைக்கும் பிள்ளைக்குக் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்துப் பார்த்து, மறக்காமல் திருப்பிக் கூப்பிட வேண்டும்.